புகைபோக்கி இருந்த பக்கம்

செஸ்லியை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தேன். மார்ச்சில் இறந்தவனை ஜூலையில்தான் கொண்டுபோக முடிந்தது. அதுவரை அவன் சமையலறை அலமாரியில், தேயிலை டின்னுக்குப் பக்கத்தில் இருந்தான். சின்ன மரப்பெட்டி. கையில் எடுக்கும்போது கனம் தெரியாது. மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் போனால் தொடை மரத்துப்போகும்.

"எங்க வம்சத்துல ஒருத்தனையும் எரிச்சதில்ல" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த கார்லண்ட். செஸ்லியின் தம்பி, என் கொழுந்தன். அவனுக்கும் எழுபது தாண்டிவிட்டது.

"மேட்டுக் கல்லறைக்குச் சவப்பெட்டியத் தூக்க ஆறு ஆம்பள வேணும். இப்ப நம்மாளுங்கள்ல மிச்சம் நீ ஒருத்தன். உனக்கு முட்டி கிடையாது. அதனாலதான் எரிச்சிருங்கன்னு அவனே சொல்லிட்டுப் போனான்."

"முட்டி இருக்கு பொண்ணே. மடங்கத்தான் மாட்டேங்குது."

படகு ஓட்டிய லெவி சிரித்தான். அவன் நாங்கள் இப்போது குடியிருக்கும் அக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் பழைய ஊரை அவனுக்குப் பிளூபெர்ரி பறிக்கிற இடமாகத்தான் தெரியும். என் மகள் மார்வா முன்பக்கம் சிவப்பு ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆல்பர்ட்டாவிலிருந்து ஒரு வாரம் விடுப்பு வாங்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப விமானம். ஆகவே அந்த வாரத்தில் கடல் என்றைக்கு வழிவிடுகிறதோ அன்றைக்குப் போயாக வேண்டும். வியாழக்கிழமை வழிவிட்டது.

செஸ்லி கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் பழைய ஊரான மெர்சர்ஸ் கோவ் மேட்டுக் கல்லறையில், அவன் அம்மா மஹாலாவுக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும். அவனுக்குப் பதினாலு வயதில் அவள் போய்விட்டாள். பிறகு நாங்கள் கல்யாணம் செய்துகொண்டு, நாலு வருஷம் அந்த வீட்டிலேயே குடியிருந்தோம். அப்புறம் அரசாங்கம் எல்லோரையும் பெரிய ஊர்களுக்குப் போகச் சொன்னது. பள்ளிக்கூடம் மூடியது, தபால் படகு நின்றது, ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது. கிளம்பியது என்றால் வீடேதான் கிளம்பியது. அடியில் காலிப் பீப்பாய்களைக் கட்டி, கடல் ஏறும் நேரத்தில் தண்ணீரில் இறக்கி, நாலைந்து படகுகள் சேர்ந்து இழுத்தால் இரண்டு மாடி வீடு விரிகுடாவைத் தாண்டிப் போய்விடும். எங்கள் வீடு போனபோது சன்னலில் இருந்த பூந்தொட்டிகூடக் கவிழவில்லை. ஆட்கள் இழுக்கும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். செஸ்லி மட்டும் பாடவில்லை. படகின் பின்பக்கம் நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் கட்டி இழுத்துட்டோம், ட்ரிஃபி. அம்மாவ மட்டும் விட்டுட்டோம்" என்றான் அன்று. அதன்பின் நாற்பது வருஷத்தில் அந்தப் பேச்சை அவன் எடுத்ததில்லை, இந்தக் குளிர்காலம் வரை.

அவள் கல்லறைக்குக் கல் கிடையாது. எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. வெள்ளையடித்த பலகையில் கறுப்பில் பெயர் எழுதி நடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க ஆள் இருக்கும்வரை பலகை நிற்கும். ஆள் போனபின் அதுவும் போயிற்று. அதனால்தான் செஸ்லி கடைசி நாட்களில் எனக்கு அடையாளம் சொன்னான், கடலில் மீன் கிடக்கிற இடத்துக்குச் சொல்வதைப் போல. கரையில் இருக்கிற இரண்டு பொருளை ஒரே கோட்டில் பிடி. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டைப் பிடி. கோடுகள் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போடு. எங்கள் ஆட்கள் மூடுபனி சற்று விலகிய இடைவெளியில்கூட அப்படி ஒரு மேசை அகல மீன் திட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

"கோயில் கோபுரம் ஆலாப் பாறைக்கு நேரா. நம்ம வீட்டுப் புகைபோக்கி தெற்கு முனையில இருக்கிற பாறை வெட்டுக்கு நேரா. ரெண்டும் சேர்ந்த எடம் அம்மாவோட தலைமாடு."

நான் தலையாட்டினேன். சொன்ன அவனுக்கும் அப்போது அது தோன்றவில்லை, கேட்ட எனக்கும் தோன்றவில்லை. அவனைத் தகனத்துக்கு அனுப்பிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் உறைத்தது. அந்தக் கோபுரத்தைப் பிரித்துப் பலகைக்கு விற்றாயிற்று. புகைபோக்கி என் தலைக்கு மேலே, அக்கரையில், சாலையோரத்தில் நின்று புகைந்துகொண்டிருக்கிறது.

முனையைச் சுற்றித் திரும்பியதும் குடா திறந்தது. லெவி எஞ்சினைத் தணித்தான்.

இருபத்தேழு வீடு இருந்த கரை. மீன் உலர்த்தும் பரண்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கியிருக்கும். மழைத்தூறல் விழுந்தால் போதும், எந்த வீட்டுப் பெண் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிவந்து யாருடைய மீன் என்று பார்க்காமல் அள்ளிக் குவித்து மூடுவோம். எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. தட்டினால் அது போதகர், இல்லாவிட்டால் கெட்ட செய்தி. மற்றவர்கள் நேரே உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்து, கெண்டியைத் தூக்கிப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறதா என்று ஆட்டுவார்கள். அக்கரைக்குப் போன முதல் வாரம் செஸ்லி எதிர்வீட்டுக்குள் அப்படித்தான் போய் உட்கார்ந்தான். குளித்துவிட்டுத் துண்டோடு வந்த அந்த வீட்டம்மாள் போட்ட கூச்சல் துறைமுகம் வரைக்கும் கேட்டது. அன்றைக்குப் பிறகு அவன் தட்டக் கற்றுக்கொண்டான். ஆனால் கடைசிவரை, தட்டுவதற்கு முன் கொஞ்சம் நின்று யோசிப்பான்.

இப்போது கரையில் புல். இடுப்பளவு புல், நடுநடுவே ஊதாப்பூச் செடி. அங்கங்கே சிவப்புத் தண்டோடு, சமையலுக்கென்று வீட்டோரம் நடுகிற ரூபார்ப் புதர்கள். மனிதர் வைத்துவிட்டுப் போனவற்றில் அது ஒன்றுதான் போகாமல் நின்றிருந்தது. ஒவ்வொரு ரூபார்ப்புக்கும் பக்கத்தில் ஒரு வீடு இருந்தது என்று கொள்ளலாம்.

"இதுதானாம்மா?" என்றாள் மார்வா. சின்ன வயதில் ஒருமுறை கூட்டிவந்திருக்கிறேன். அவளுக்கு நினைவில்லை.

"இதுதான்."

"அழகா இருக்கு." அவள் நிஜமாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அழகாக இருக்கக் கூடாது. இங்கே மீன்குடல் நாற வேண்டும், கொடியில் துணி ஆட வேண்டும், பக்கத்து வீட்டு மார்ட்டினா தன் ஆட்டைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கோயில் இருந்த இடத்தில் சிக்கல் இல்லை. அடிக்கல் வரிசை அப்படியே கிடந்தது. கோபுரம் வாசல் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மார்வாவை அங்கே நிறுத்தினோம்.

"நீ கோபுரம். ஆடாம நில்லு" என்றான் கார்லண்ட்.

"மணி அடிக்கணுமா சித்தப்பா?"

"உங்க அம்மா கத்தறதே போதும்."

வீட்டில்தான் சண்டை வந்தது. வீடு நின்ற கற்கள் நாலு மூலையிலும் இருந்தன. எந்த மூலை எது என்று அவை சொல்லவில்லை. புகைபோக்கி வெறும் தகரக் குழாய், வீட்டோடு போய்விட்டது. தரையில் தடமில்லை. அது அடுப்படிப் பக்கம் இருந்தது என்பதுவரை இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

"மேற்குப் பக்கம்" என்றான் கார்லண்ட்.

"கிழக்கு" என்றேன் நான்.

"நான் பொறந்த வீடு பொண்ணே இது."

"அப்ப கண்ண மூடிக்கிட்டுத்தான் பொறந்திருப்ப. நாலு வருஷம் இங்க, நாப்பது வருஷம் அங்க, அந்த அடுப்புல நான் சமைச்சிருக்கேன். அடுப்படிக்கு எந்தப் பக்கம் வெயில் வரும்னு எனக்குத் தெரியாதா?"

கோயில் பக்கமிருந்து மார்வா கத்தினாள். "கிழக்குதான் சித்தப்பா! காலையில கஞ்சி சாப்பிடும்போது வெயில் நேரா மூஞ்சியில அடிக்குமே!"

"கோபுரம் பேசக் கூடாது!" என்று கத்தினான் கார்லண்ட். பிறகு என் பக்கம் திரும்பினான். "இந்தா, ரூபார்ப்பப் பாரு. அம்மா அடுப்படிச் சுவரோரமாத்தான் நட்டா. அது மேற்கே இருக்கு."

"அது நாப்பது வருஷமா யாரையும் கேக்காம பரவிக்கிட்டிருக்கு. நாளைக்கு அக்கரைக்கே வந்திரும்."

"ட்ரிஃபி, சொல்றத நம்பு."

"ஊரு கிளம்பினப்ப நீ இங்க இல்லையே கார்லண்ட்" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். வீடு இழுத்த வருஷம் அவன் டொராண்டோவில் தொழிற்சாலை வேலையில் இருந்தான். திரும்பி வந்தபோது ஊரும் இல்லை, வீடும் அங்கே இல்லை. அவன் போய் மேற்கு மூலையில் நின்றுகொண்டான், கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நான் கிழக்கு மூலையில் லெவியின் துடுப்பை ஊன்றி, அதன் தலையில் கார்லண்டின் தொப்பியை மாட்டினேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். வேலிக்கம்பம் ஒன்று சாய்ந்து கிடந்தது. குட்டை ஸ்ப்ரூஸ் மரங்கள் முட்டி உயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. இரண்டொரு மட்கிய பலகைத் துண்டுகள் காலில் தட்டின. எழுத்து இல்லை.

மார்வாவின் சிவப்பு ஜாக்கெட்டை ஆலாப் பாறையோடு சேர்த்துப் பிடித்தேன். அந்தக் கோட்டின் மேலேயே நடந்தேன். கார்லண்ட் தெற்கு முனையின் வெட்டுக்கு நேரே வந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தேன். இன்னும் மேலே ஏறினேன். தொப்பி நேரே வந்த இடத்தில் இன்னொரு கல். இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு சின்ன வீட்டுத் தோட்டத்தின் நீளம் இருந்தது.

ஒன்றில் மஹாலா இருக்கிறாள். மற்றதில் யார் என்று யோசித்தேன். மேல் வரிசை பார்டிக் குடும்பத்தின் வரிசை. அங்கே ஹெசக்கையா பார்டி கிடக்கிறார். செஸ்லியின் அப்பாவின் வலையை அறுத்தவர். செஸ்லி பையனாக இருந்தபோது அவனைத் துடுப்பால் அடித்தவர். ஐம்பது வருஷம் கழித்தும் அந்தப் பெயரைக் கேட்டால் அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவான். நான் சொல்கிற கோடுதான் மேல் வரிசைக்குப் போகிறது. ஆனால் மஹாலாவும் பார்டிக் குடும்பத்தில் பிறந்தவள்தான். அவளை அந்த வரிசையில் வைத்திருக்கவும் கூடும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றும் தெளியவில்லை. தவறினால் அவன் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் என்று நினைத்து அந்தக் கிழவனுக்குப் பக்கத்தில் படுப்பான். மண்ணில் கலந்த சாம்பலைத் திரும்ப அள்ளி எடுக்க முடியாது.

செஸ்லி இருந்தால் இங்கே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து முடித்திருப்பான். ஊரைவிட்டுப் போனபின் பழம் பறிக்க நாங்கள் வந்த நாட்களில் அவன் அப்படித்தான் தனியாக மேலே ஏறி நின்றான். நான் கீழே பழம் பறித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியோடு மறுபடி கீழே இறங்கினேன். வீட்டுக் கற்களுக்கு நடுவே போய் நின்றேன். கார்லண்ட் தன் மூலையை விட்டு நகரவில்லை.

"என்ன, கண்டுபிடிச்சியா?" என்றான் என்னைப் பார்க்காமல்.

"ரெண்டு எடம் வருது."

"ஒண்ணு சரி. ஒண்ணு உன்னோடது."

அப்போது லெவி கையசைத்தான். தண்ணீர் வற்றுகிறது, படகு பாறையில் உட்கார்ந்துவிடும், தள்ளி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சைகை. எஞ்சின் இரண்டு முறை இருமி, பிடித்தது. படகு சுற்றிக்கொண்டு குடாவின் நடுவுக்குப் போய், திரும்பி எங்களை நோக்கி வந்தது. சத்தம் வந்த திக்கில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிற்பகல் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது, இப்படி நான் நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் அடுப்பில் உருளைக்கிழங்கு கொதிக்கும். சன்னலோரம் நின்று படகுகள் வருவதைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்றால் பார்க்க முடியாது, கண் கூசும். எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் சொல்வேன். இது லியாண்டர், இது மார்ட்டினாவின் புருஷன், இது என்னுடையவன். செஸ்லியின் எஞ்சின் நாலு அடி சரியாக அடித்து ஐந்தாவதில் தடுக்கும். தடுக்கினால் தட்டுகளை எடுத்து மேசையில் வைப்பேன். நாலு வருஷமும் தட்டு வைத்தது கண்ணால் பார்த்து இல்லை, காதால் கேட்டு. ஏனென்றால் அந்தச் சன்னல் மேற்கே பார்த்தது.

அக்கரையில் எங்களுக்குக் கிடைத்த மனையில் முன்வாசல் சாலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இருபது பேர் சேர்ந்து வீட்டை உருளை மேல் வைத்துத் திருப்பினார்கள். நான் அப்போது பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முதல் அடுப்படியில் காலை வெயில். நாற்பது வருஷக் காலை வெயில், நாலு வருஷச் சாயங்காலத்தை மூடிவிட்டது.

"கார்லண்ட்" என்றேன். "வீட்டத் திருப்பிட்டாங்க."

"எப்ப?"

"அக்கரையில எறக்கினப்ப. ரோட்டப் பாக்க வெக்கணும்னு. நீ நிக்கிற மூலைதான் அடுப்படி."

அவன் என்னைப் பார்த்தான். காலடியில் இருந்த கல்லைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"ட்ரிஃபி தோத்துட்டா" என்றான். கோயில் பக்கம் திரும்பிக் கத்தினான். "மார்வா! உங்க அம்மா தோத்துட்டா! தப்புன்னு அவ வாயாலயே சொல்லிட்டா!" கத்தி முடித்ததும் குரல் இறங்கிப்போயிற்று. "அதப் பாக்க செஸ் இல்லாமப் போயிட்டான் பாரு. நாப்பது வருஷமா அவன் காத்துக்கிட்டிருந்தது இதுக்குத்தான்."

"டொராண்டோ பத்திச் சொன்னது..."

"போ பொண்ணே. மேல ஏறு. வெயில் போறதுக்குள்ள பாரு."

இரண்டாம் முறை ஏறினேன். கீழ்க் கல்லின் அருகே நின்றேன். மரக்கிளைகளை விலக்கிப் பார்த்தேன். லேசாக ஒரு பள்ளம், நீளவாக்கில், அவ்வளவுதான். நிமிர்ந்து ஒரு கண்ணை மூடினேன். சிவப்பு ஜாக்கெட் ஆலாப் பாறையில் பொருந்தியது. கார்லண்டின் வழுக்கைத்தலை முனையின் வெட்டில் பொருந்தியது. அரை அடி இடது பக்கம் நகர்ந்தேன். இரண்டும் இன்னும் நன்றாகப் பூட்டிக்கொண்டன.

சரி என்று சொல்லிக் கையசைத்திருக்க வேண்டும். அசைக்கவில்லை. கோயில் இருந்த இடத்தில் கோயில் உயரத்துக்கு ஏதோ நின்றது. வீடு இருந்த இடத்தில் அந்த வீட்டில் பிறந்தவன் நின்றான். இரண்டுக்கும் நடுவே மற்ற வீடுகள் தாமாகத் தங்கள் இடத்துக்கு வந்தன. லியாண்டரின் பச்சைக் கதவு, மார்ட்டினாவின் கொடி, பள்ளிக்கூடத்துப் படி. எங்கிருந்து எங்கே நடந்தால் எத்தனை பேரிடம் நின்று பேச வேண்டியிருக்கும் என்பது வரை தெரிந்தது. நான் கையை அசைத்தால் கோபுரம் இறங்கி ஓடிவரும்.

"இன்னும் எவ்வளவு நேரம் பொண்ணே நான் புகைபோக்கியா நிக்கிறது?" கார்லண்டின் குரல் மேட்டில் மோதியது. "முட்டி!"

"கொஞ்சம் பொறு!"

"எடம் கெடைச்சிதா இல்லையா?"

"கெடைச்சிது! கொஞ்சம் பொறு!"

அவன் அசையாமல் நின்றான். பெட்டியை மார்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தேன், செஸ்லியும் பார்க்கட்டும் என்று. பிறகு கையசைத்தேன்.

லெவி மண்வெட்டியோடு வந்தான். மேல்மண் வேர்ப்பின்னல், அடியில் கறுப்பு மண். முழங்கை ஆழத்துக்கு மேல் வெட்டவில்லை. கார்லண்ட் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு சொல்லிக்கொண்டே மேடேறி வந்து சேர்ந்தான். மடங்காத முட்டியை எப்படியோ மடக்கி மண்ணில் உட்கார்ந்தான்.

"அம்மா" என்றான் பள்ளத்தைப் பார்த்து. "செஸ் வந்திருக்கான். கொஞ்சம் தள்ளிப் படு. கால நீட்டிப் படுப்பான், உனக்குத் தெரியும்."

மார்வா அப்போதுதான் அழுதாள். நான் பிரார்த்தனையில் நினைவிருந்ததைச் சொன்னேன். மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினோம்.

"நிச்சயமா இங்கதானாம்மா?" என்று எழுந்தபின் கேட்டாள் மார்வா, கார்லண்டுக்குக் கேட்காதபடி.

"இங்கதான்."

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழிருக்கும். ஜூலையில் வெயில் போக ஒன்பதாகும். மார்வா குளிக்கப் போனாள். கார்லண்ட் தட்டாமல் உள்ளே வந்து, கெண்டியைத் தூக்கி ஆட்டி, தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தான். தேநீரை அவனும் நானும் அடுப்படி மேசையில் குடித்தோம். அந்நேரத்துக்கு அங்கே வழக்கம்போல் மங்கத் தொடங்கியிருந்தது. அலமாரியில் தேயிலை டின் தனியாக இருந்தது.

அவன் போனபின் என் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டின் மறுகோடிக்கு நடந்தேன். எங்கள் படுக்கையறை, வீட்டைத் திருப்பியபின் மேற்கே வந்த பக்கம். இவ்வளவு வருஷமும் அந்நேரத்தில் நான் அங்கே போனதில்லை, அடுப்படியில்தான் வேலை இருக்கும். திரை மூடியிருந்தது. ஓரங்களில் வெயில் மஞ்சளாகக் கசிந்தது. திரையை விலக்கினேன். கட்டிலில் செஸ்லியின் பக்கம் உட்கார்ந்து, கண் கூசக் கூச, தேநீர் ஆறும்வரை இருந்தேன்.